பதினைந்து வினாடிச் சந்திப்பு: முன்களச் சேவைப் பணியில் வாடிக்கையாளர் உறவு

வங்கிக் கவுண்ட்டரில் பணம் வாங்கிப் போடுபவர், துணிக்கடையில் சேலையை விரித்துக் காட்டுபவர், உணவகத்தில் பரிமாறுபவர், விமானப் பணிப்பெண், மருத்துவமனை வரவேற்பாளர், அழைப்பு மையத்தில் தொலைபேசியை எடுப்பவர் என, வாடிக்கையாளரை நேரடியாக எதிர்கொண்டு வேலை செய்யும் அனைவரையும் முன்களப் பணியாளர்கள் என்ற ஒரே பெயரில் நிர்வாகவியல் தொகுத்துக் குறிக்கிறது. ஒரு நிறுவனத்தின் தலைவரையோ அதன் ஆண்டறிக்கையையோ பார்த்திராத மக்கள், அந்த நிறுவனம் நம்பத்தக்கதா இல்லையா என்ற முடிவுக்குப் பெரும்பாலும் இவர்களை வைத்தே வருகிறார்கள். ஆயினும் பெரும்பாலான நிறுவனங்களின் படிநிலையில் ஊதியம், அதிகாரம் ஆகிய இரண்டிலும் கடைசி இடத்தில் இருப்பவர்கள் இவர்கள்தான்.

வாடிக்கையாளருடன் நல்லுறவை வளர்ப்பது எப்படி என்ற கேள்விக்குப் பயிற்சிக் கையேடுகள் தரும் விடை பணியாளரின் குணத்தைச் சுற்றியே அமைகிறது: முகமலர்ச்சி வேண்டும், பொறுமை வேண்டும், பெயர் சொல்லி அழைக்க வேண்டும், கோபத்தை விழுங்கப் பழக வேண்டும். இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் கடந்த முக்கால் நூற்றாண்டில் உணவகங்களிலும் விமான நிறுவனங்களிலும் கடைகளிலும் வங்கிகளிலும் நடத்தப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது, கவுண்ட்டருக்கு முன்னால் தெரியும் முகத்தைவிட அதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடுகளே உறவின் தரத்தை அதிகம் தீர்மானிக்கின்றன என்பது புலப்படுகிறது. யாருக்கு முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது, ஒரு வாடிக்கையாளருக்காக எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது, பணியாளரின் வேலை எதைக் கொண்டு அளக்கப்படுகிறது என்ற மூன்று கேள்விகளை ஒதுக்கிவிட்டுப் புன்னகையைப் பற்றி மட்டும் பேசும் பயிற்சி, பணியாளரை அவருக்குக் கட்டுப்படாத ஒன்றுக்குப் பொறுப்பாக்குகிறது.

இதற்கு மிகவும் பேசப்பட்ட சான்று ஸ்காண்டிநேவிய நாடுகளின் கூட்டு விமான நிறுவனமான எஸ்.ஏ.எஸ். ஆகும். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நட்டத்தில் இயங்கிய அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை 1981இல் ஏற்ற யான் கார்ல்சன், விமானங்களையும் பணிமனைகளையும் நிறுவனத்தின் சொத்தாகக் கருதும் வழக்கத்தை மாற்றி, பயணிக்கும் பணியாளருக்கும் இடையிலான சந்திப்பையே நிறுவனமாகக் கருத வேண்டும் என்று வாதிட்டார். ஓராண்டில் 1 கோடிப் பயணிகள் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 5 பணியாளர்களைச் சந்திக்கிறார்கள், ஒரு சந்திப்பு சராசரியாக 15 வினாடி நீடிக்கிறது, ஆகவே ஆண்டுக்கு 5 கோடி முறை அந்த நிறுவனம் பயணியின் மனத்தில் புதிதாக உருவாகிறது என்பது அவருடைய கணக்கு. அத்தகைய சந்திப்பை அவர் ‘உண்மைக் கணம்’ என்றார். சுவீடன் நாட்டு நிர்வாக ஆலோசகர் ரிச்சர்ட் நார்மன் ஏற்கெனவே சேவைத் துறைக்குக் கொண்டுவந்திருந்த அந்தத் தொடர், கார்ல்சன் எழுதிய நூலின் வழியாக உலகெங்கும் பரவியது.

அந்தக் கணக்கிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் இங்கு முக்கியமானது. 15 வினாடியில் தீர வேண்டிய ஒரு சிக்கலை மேலதிகாரியிடம் கொண்டுபோய் அனுமதி பெற்று வர இயலாது என்பதால், அந்த 15 வினாடிக்குரிய முடிவை எடுக்கும் உரிமை அங்கே நிற்பவரிடமே இருக்க வேண்டும் என்றார் அவர். ஸ்டாக்ஹோம் விடுதியறையில் பயணச்சீட்டை மறந்துவிட்டு விமான நிலையத்துக்கு வந்த ஓர் அமெரிக்க வணிகருக்கு, சீட்டுப் பிரிவில் இருந்த பணியாளர் உடனே தற்காலிகச் சீட்டு ஒன்றைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, வண்டி அனுப்பி, விமானம் புறப்படும் முன்பே அசல் சீட்டை வரவழைத்த நிகழ்ச்சியைத் தம் நூலின் தொடக்கத்திலேயே கார்ல்சன் விவரிக்கிறார். சீட்டு இல்லாதவரை ஏற்றக் கூடாது என்ற விதி நடைமுறையில் இருந்த காலத்தில் அந்தப் பணியாளரின் இனிய பேச்சு மட்டும் பயணிக்குப் பயன்பட்டிருக்காது. தொலைபேசியை எடுக்கவும் வண்டியை அனுப்பவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்ற நிலைதான் பயன்பட்டது.

எனினும் அதே நூலில் கார்ல்சன் வெளிப்படையாகப் பதிவு செய்யும் இன்னொரு நிகழ்ச்சி, வெற்றிக் கதைகளை மட்டும் எடுத்துச் சொல்லும் பயிற்சியாளர்களால் பெரும்பாலும் விட்டுவிடப்படுகிறது. பனிப்பொழிவால் விமானம் தாமதமானபோது, காத்திருக்கும் பயணிகளுக்குக் கட்டணமின்றிக் காப்பியும் பிஸ்கட்டும் கொடுக்க விரும்பிய ஒரு தலைமைப் பணிப்பெண், உணவுப் பிரிவிடம் கூடுதலாக 40 பேருக்குக் கேட்டார். அளவுக்கு மேல் கொடுக்க விதியில் இடமில்லை என்று அந்தப் பிரிவின் மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். அடுத்த வாயிலில் பின்லாந்தின் பின்ஏர் விமானம் நிற்பதைக் கண்ட பணிப்பெண், அதன் பணிப்பெண்ணிடம் சொல்லி அவர் பெயரில் அதே 40 பேருக்கான பொருளைக் கேட்கச் செய்தார். பின்ஏர் நிறுவனம் உணவுப் பிரிவின் வெளி வாடிக்கையாளர் என்பதால் அதே மேற்பார்வையாளர் உடனே கொடுத்தனுப்பினார். முன்களப் பணியாளருக்கு உரிமை கொடுத்த நிர்வாகம், அவருக்கும் தலைமைக்கும் இடையில் இருந்த இடைநிலை மேலாளர்களுக்குப் புதிய பங்கு என்ன என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டதை இதற்குக் காரணமாகக் கார்ல்சன் கூறுகிறார். பழைய விதிகளைக் காப்பதற்காக இன்னமும் கணக்குக் கேட்கப்படும் ஒருவர், தன் கீழுள்ளவரின் புதிய உரிமையைத் தடையாகவே பார்ப்பார் என்பதில் வியப்பில்லை.

அளவுகோல் பற்றிய பாடமும் அந்நிறுவனத்திலிருந்தே கிடைக்கிறது. சரக்குப் பிரிவு தன் செயல்திறனை, விமானத்தின் கொள்ளளவில் எவ்வளவு நிரப்பப்பட்டது என்பதைக் கொண்டு அளந்து நிறைவு கொண்டிருந்தது. ஐரோப்பாவின் பல முகவரிகளுக்கு 100 பொதிகளை அனுப்பிச் சோதித்தபோது, மறுநாளே சேர வேண்டிய சிறு பொதிகள் சராசரியாக நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டது தெரியவந்தது. பொதி அனுப்பியவர் கேட்கும் கேள்வி அது போய்ச் சேர்ந்ததா என்பது. நிறுவனம் தன்னைத் தானே கேட்டுக்கொண்ட கேள்வியோ இடம் வீணானதா என்பது. இவ்விரண்டும் வேறுபடும் இடத்தில் கவுண்ட்டரில் நிற்பவர் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் உறவு கெடத்தான் செய்யும்.

கார்ல்சன் ஸ்டாக்ஹோமில் இவற்றைச் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ரசல் ஹாக்ஷீல்டு, அட்லான்டா நகரிலுள்ள டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை ஆராய்ந்து, 1983இல் ‘தி மேனேஜ்டு ஹார்ட்’ என்ற நூலை வெளியிட்டார். ஊதியத்துக்காகத் தன் உணர்ச்சியை ஒழுங்குபடுத்தி, பிறர் மனத்தில் குறிப்பிட்ட ஓர் உணர்வை உண்டாக்கும் வேலைக்கு ‘உணர்ச்சி உழைப்பு’ என்று அவர் பெயரிட்டார். உடலுழைப்பையும் மூளை உழைப்பையும் போல இதுவும் ஆற்றலைச் செலவிடும் உழைப்பே என்றும், கண்ணுக்குத் தெரியாததால் ஊதியக் கணக்கில் இடம்பெறாமல் போகிறது என்றும், பெண்களிடமே இது அதிகம் எதிர்பார்க்கப்படுகிறது என்றும் அவர் காட்டினார்.

நாடகக் கலையில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி வகுத்த நடிப்பு முறையைத் துணைகொண்டு, உணர்ச்சி உழைப்பை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். உள்ளே எரிச்சல் இருக்க வெளியே முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வது மேலோட்ட நடிப்பு. எரிச்சலையே கரைத்து, வேண்டிய உணர்வை உள்ளிருந்து எழுப்ப முயல்வது ஆழ்ந்த நடிப்பு. விமானத்தின் உட்பகுதியைத் தம் வீட்டுக் கூடமாகவும் பயணிகளைத் தம் வீட்டுக்கு வந்த விருந்தினராகவும் எண்ணிக்கொள்ளும்படியும், கத்தும் பயணியை அச்சத்தில் இருக்கும் ஒருவராகக் கருதும்படியும் டெல்டாவின் பயிற்சியில் கற்பிக்கப்பட்டது. ஆழ்ந்த நடிப்பைக் கற்பித்த அந்தப் பயிற்சி சில காலம் பயன் தந்தது. ஆனால் எழுபதுகளில் விமானத் தொழிலில் போட்டியும் செலவுக் குறைப்பும் பெருகி, குறைந்த பணிப்பெண்கள் அதிகப் பயணிகளைக் குறைந்த நேரத்தில் கவனிக்க வேண்டிய நிலை வந்தபோது, வீட்டுக் கூடம் என்ற கற்பனை நிலைக்க இடமில்லாமல் போயிற்று. புன்னகையைக் கேட்ட விளம்பரம் மட்டும் மாறவில்லை. அதற்கு வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. பணிப்பெண்கள் மேலோட்ட நடிப்புக்குத் திரும்பியதை ஹாக்ஷீல்டு அவர்களுடைய குணக்கேடாகப் பார்க்கவில்லை. பணிச் சூழல் மாறியதன் விளைவாகவே பார்க்கிறார்.

பின்வந்த உளவியல் ஆய்வுகள் இந்தப் பிரிவினையைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தின. ஹுல்ஷேகர், ஷேவே ஆகியோர் 95 தனித்தனி ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியிட்ட மதிப்பீட்டில், மேலோட்ட நடிப்பு பணியாளரின் மனநலக் குறைவோடும் சோர்வோடும் இணைந்து காணப்பட்டது. ஆழ்ந்த நடிப்போ வாடிக்கையாளரின் நிறைவோடு இணைந்து காணப்பட்டது. போலிப் புன்னகை கொடுப்பவரைத் தேய்க்கிறது. எப்போதும் சிரித்த முகம் என்ற விதியை மட்டும் சுவரில் ஒட்டி வைக்கும் நிறுவனங்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புன்னகையைப் பற்றிய நம்பிக்கையைத் தரவுகளைக் கொண்டு நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் பெட்டிக்கடையைவிடச் சற்றுப் பெரிதாய், நாள் முழுதும் திறந்திருக்கும் சிறு பல்பொருள் கடைத் தொடர் ஒன்றின் 576 கிளைகளை ஆராய்ந்த அனாத் ரஃபேலி, ராபர்ட் சட்டன் ஆகியோர், பணியாளர்கள் சிரித்து வணக்கம் சொல்லி நன்றி கூறும் கடைகளில் விற்பனை கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தனர். 1988இல் வெளியான முடிவோ நேர்மாறாக இருந்தது. விற்பனை அதிகமான கடைகளில்தான் இன்முகம் குறைவாக இருந்தது. குழப்பத்தைத் தீர்க்க அவர்களே கடைகளுக்குள் சென்று பார்த்தபோது காரணம் விளங்கியது. கூட்டம் நிறைந்த கடையில், வரிசையில் நிற்பவர்கள் முன்னால் நிற்பவருடன் பணியாளர் குசலம் விசாரிப்பதை விரும்புவதில்லை. சீக்கிரம் பில் போட்டு அனுப்புவதையே மரியாதையாகக் கொள்கிறார்கள். கூட்டமில்லாத நேரத்திலோ அதே வாடிக்கையாளர் இரண்டு வார்த்தை பேச்சை எதிர்பார்க்கிறார். நல்லுறவுக்கு ஒரே வடிவம் இல்லை என்பதையும், கூட்டத்தின் வேகத்தைப் படித்து நடப்பது ஒரு திறமை என்பதையும் இந்த ஆய்வு காட்டுகிறது. எல்லா நேரத்துக்கும் ஒரே வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லும் பயிற்சி அந்தத் திறமையைத்தான் முதலில் அழிக்கிறது.

வேகம் ஆளெண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், இங்கே செலவுக் கணக்கு வந்துவிடுகிறது. நிர்வாகவியல் ஆய்வாளர் செய்னெப் டோன் 2014இல் வெளியிட்ட ‘தி குட் ஜாப்ஸ் ஸ்ட்ரேட்டஜி’ என்ற நூலில் எடுத்துக்காட்டும் நிறுவனங்களில் ஒன்று, ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட குவிக்டிரிப் என்ற அதே வகைக் கடைத் தொடர். யாரேனும் விடுப்பில் சென்றால் இட்டு நிரப்பக் கூடுதல் பணியாளர்களை அது வைத்திருக்கிறது; ஒவ்வொருவருக்கும் பல வேலைகளில் பயிற்சி கொடுக்கிறது. தேவைக்குச் சற்று அதிகமாக ஆள் வைப்பது வீண்செலவு போலத் தோன்றினாலும், ஆள் குறைவால் நேரும் தவறுகள், காலியான அலமாரிகள், வேலையை விட்டுப் போகிறவர்களுக்குப் பதிலாகப் புதியவர்களைப் பழக்கும் செலவு ஆகியவற்றை அது தவிர்க்கிறது என்பது டோனின் வாதம்.

பரிமாறுபவருக்கும் உண்பவருக்கும் இடையிலான உறவைச் சமையலறையிலிருந்து தொடங்கிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதை இவர்கள் அனைவருக்கும் முன்பே, 1940களில் சிகாகோ உணவகங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் வில்லியம் ஃபூட் வைட் எழுதிவிட்டார். பரபரப்பான வேளையில் அழுதுவிடும் பணிப்பெண்களைக் கவனித்த அவர், வாடிக்கையாளரின் கடுஞ்சொல் மட்டும் அதற்குக் காரணம் இல்லை என்று கண்டார். வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார், பணிப்பெண் சமையலறையில் போய் அவசரப்படுத்த, தங்களை மேலானவர்களாகக் கருதிய சமையற்காரர்கள் அவருடைய உத்தரவை ஏற்க மறுக்கிறார்கள், இரு பக்க அழுத்தமும் நடுவில் நிற்பவர்மேல் இறங்குகிறது. வாய்மொழியாகச் சொல்வதற்குப் பதிலாக, தேவையைச் சீட்டில் எழுதிக் குத்துக்கம்பியில் செருகிவிடும் எளிய ஏற்பாடு இந்த மோதலைப் பெருமளவு தணித்தது. சீட்டுகள் வந்த வரிசையில் சமைக்க முடிந்ததால், யார் யாருக்கு உத்தரவிடுகிறார் என்ற கேள்வி எழவில்லை. மேசைக்கு வந்தவர்களைத் தாமே முந்திச் சென்று வரவேற்று, உணவுப் பட்டியலைக் கொடுத்து, சற்று நேரத்தில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போகும் பணிப்பெண்கள் அழுத்தத்தைச் சிறப்பாகத் தாங்கினார்கள் என்பதும் வைட்டின் கவனிப்பு. காரணம் சொல்லப்படாத காத்திருப்பு, காரணம் சொல்லப்பட்ட காத்திருப்பைவிட நீண்டதாகத் தோன்றும் என்று 1985இல் டேவிட் மைஸ்டர் எழுதியதை இதோடு சேர்த்துப் படிக்கலாம்.

தவறு நேர்ந்த பின் என்ன நடக்கிறது என்பது உறவின் மிக நுட்பமான பகுதி. மேரி ஜோ பிட்னர், பெர்னார்ட் பூம்ஸ், மேரி டெட்ரோ ஆகியோர் விமானம், விடுதி, உணவகம் ஆகிய மூன்று துறைகளில் வாடிக்கையாளர்களின் நினைவில் நின்ற ஏறத்தாழ 700 நிகழ்ச்சிகளைத் திரட்டி 1990இல் வெளியிட்ட ஆய்வில், கசப்பாக நினைவில் நின்றவற்றில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவை, சேவை தவறியபோது பணியாளர் அதைக் கையாண்ட விதம் பற்றியவை. இனிமையாக நினைவில் நின்றவற்றிலும் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை அதே வகையைச் சேர்ந்தவை என்பதுதான் கவனத்துக்குரியது. அதாவது தவறு நேர்ந்தும், காரணத்தைச் சொல்லி, பொறுப்பேற்று, மாற்று ஏற்பாடு செய்ததால் அந்தச் சந்திப்பு நல்ல நினைவாக மாறியிருக்கிறது. மாற்று ஏற்பாடு செய்யும் உரிமை இல்லாத பணியாளரால் மன்னிப்பை மட்டுமே கொடுக்க முடியும். வெறும் மன்னிப்பு திரும்பத் திரும்பச் சொல்லப்படும்போது கோபத்தைக் கூட்டவே செய்கிறது.

இதுவரை ‘உறவு’ என்ற சொல் சற்றுத் தாராளமாகவே வழங்கப்பட்டது. அதை வரையறுத்தவர் ஆய்வாளர் பார்பரா குடெக். 1995இல் வெளியான ‘தி டைனமிக்ஸ் ஆஃப் சர்வீஸ்’ நூலில், ஒரே வாடிக்கையாளரும் ஒரே பணியாளரும் மீண்டும் மீண்டும் சந்தித்து, இனியும் சந்திப்போம் என்று எதிர்பார்த்து நடந்துகொள்வதை உறவு என்றும், யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு ஒருமுறை சேவை செய்வதைச் சந்திப்பு என்றும், பணியாளர்கள் மாறிக்கொண்டே இருக்க நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறாதிருப்பதைப் போலி உறவு என்றும் அவர் பிரிக்கிறார். தெருமுனை மளிகைக் கடையில் மாதக் கணக்கு நோட்டு வைத்துப் பொருள் வாங்கும் குடும்பத்துக்கும் கடைக்காரருக்கும் இருப்பது முதல் வகை. அடுத்த மாதமும் அவர் வரவேண்டும் என்பதால் கடைக்காரர் எடையில் கைவைப்பதில்லை, அடுத்த மாதமும் கடன் வேண்டும் என்பதால் குடும்பமும் பாக்கியை இழுப்பதில்லை. அந்த ஒழுங்கைக் காக்க மேற்பார்வையாளர் தேவைப்படவில்லை. பேரங்காடியின் பில் கவுண்ட்டரில் அந்த எதிர்காலம் இல்லாததால், நிறுவனம் அதற்குப் பதிலாக விதிகளையும் கேமராவையும் உறுப்பினர் அட்டையையும் வைக்கிறது. கணினித் திரையில் வாடிக்கையாளரின் பெயரும் பிறந்தநாளும் தெரிவதால், முன்பின் அறியாத பணியாளரும் அவரைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. அந்த அழைப்பில் தவறில்லை என்றாலும், அதை உறவு என்று எண்ணிக்கொள்வது நிறுவனத்தின் தன்னேமாற்றம். உண்மையான உறவை விரும்பும் நிறுவனம் முதலில் செய்ய வேண்டியது, அதே பணியாளர் அதே இடத்தில் பல ஆண்டுகள் இருக்கும்படி ஊதியத்தையும் வேலை நிலையையும் அமைப்பதே.

வேறு கடைக்குப் போகும் வாய்ப்பே இல்லாத வாடிக்கையாளரின் நிலை தனியாகப் பார்க்கத்தக்கது. ஆசிரியர், காவலர், நலத்திட்ட அலுவலர் போன்றோரை ‘தெருமட்ட அதிகாரிகள்’ என்று அழைத்த அரசியல் அறிவியலாளர் மைக்கேல் லிப்ஸ்கி, கோரிக்கை எப்போதும் வளத்தைவிட அதிகமாகவே இருக்கும் அலுவலகங்களில், பணியாளர்கள் எளிதில் முடியும் மனுக்களை முதலில் எடுத்துக்கொண்டு கடினமானவற்றைத் தள்ளிப்போடப் பழகுவதை 1980இல் விளக்கினார். இத்தகைய இடங்களில் நல்லுறவின் அடையாளம் இன்முகத்தைவிட, எந்த ஆவணம் வேண்டும் என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லி இன்னொரு முறை அலையவிடாமல் இருப்பதே.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் மிகச் சாதாரணமான ஒரு பொருளில், அதாவது நாற்காலியில், வந்து நிற்கிறது. பெரிய துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் விற்பனையாளர்கள், அவர்களிலும் பெரும்பாலும் பெண்கள், நாள் முழுதும் நின்றுகொண்டே இருப்பது நீண்டகால வழக்கமாக இருந்தது; வாடிக்கையாளர் வரும்போது பணியாளர் உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் அதற்கு நியாயமாகச் சொல்லப்பட்டது. கேரளத்தில் கடைப் பெண்கள் நடத்திய போராட்டங்களைத் தொடர்ந்து 2018இல் அங்கு இருக்கை வசதிக்காகச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் பணியாளர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கும் 22-அ பிரிவைச் சேர்க்கும் திருத்த முன்வரைவு 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. கால்வீக்கத்தோடும் இடுப்புவலியோடும் பத்தாவது மணி நேரத்தில் நிற்பவரிடம் எதிர்பார்க்கப்படும் இன்முகம், ஹாக்ஷீல்டு விவரித்த மேலோட்ட நடிப்பாக மட்டுமே இருக்க முடியும் என்பதால், தொழிலாளர் நலச் சட்டமாக வந்த இந்தத் திருத்தத்தை வாடிக்கையாளர் சேவைக்கான சட்டமாகவும் படிப்பது பொருந்தும். அமெரிக்க வங்கிக் கிளைகளை ஆராய்ந்த பெஞ்சமின் ஷ்னைடரும் அவருடைய சகாக்களும் 1980இல் வெளியிட்ட முடிவும் இதற்குத் துணைநிற்கிறது: தம் கிளை நல்ல சேவைக்கு உரிய ஆதரவைத் தருகிறது என்று பணியாளர்கள் சொன்ன கிளைகளிலேயே, சேவை நன்றாக இருப்பதாக வாடிக்கையாளர்களும் சொன்னார்கள்.

வேலையின் ஊடே உட்காரும் வாய்ப்பு ஏற்படும்போது பணியாளர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள ஏதுவாக இருக்கை அமைக்கப்பட வேண்டும் என்பதே அந்தப் பிரிவின் சாரம். அந்த வாய்ப்பு எப்போது ஏற்பட்டது என்பதைக் கடையின் தளத்தில் தீர்மானிப்பவர் தள மேற்பார்வையாளர். அவருடைய வேலையைக் கடை உரிமையாளர் எதைக் கொண்டு மதிப்பிடுகிறார் என்பதில்தான், எஸ்.ஏ.எஸ். நிறுவனத்தின் உணவுப் பிரிவில் எழுந்த அதே சிக்கல் இங்கும் எழுகிறது: உட்கார்ந்திருக்கும் பணியாளரைச் சோம்பலின் அடையாளமாகக் கணக்கில் எடுக்கும் கடையில் நாற்காலி சுவரோரம் காலியாகவே இருக்கும், விற்பனையாளர் எத்தனை ஆண்டுகள் அதே கடையில் நீடிக்கிறார், அவரையே தேடி வரும் குடும்பங்கள் எத்தனை என்று கேட்கும் கடையில், கூட்டம் குறைந்த பிற்பகலில் உட்காரச் சொல்லும் முதல் ஆள் அந்த மேற்பார்வையாளராகவே இருப்பார்.